ஆறாம் எண் வீட்டு நாய் லேசாக இருமியது

ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதக் கடைசியில், பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் இது நடந்தது. தேதிகள் எல்லாம் என் டைரியில் இருக்கின்றன. நான் அப்போது ரயில்வே லோகோ ஷெட்டில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. பால்காரர் வந்த நேரம், குழாயில் தண்ணீர் நின்ற நேரம், மழை பிடித்த நேரம் எல்லாவற்றையும் எழுதுவேன். "நான் செத்தாலும் மணி பாத்து எழுதிட்டுத்தான் அழுவீங்க" என்பாள் என் மனைவி.

ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடுகள். பெரும்பாலும் ரயில்வேக்காரர்கள். எட்டு வீட்டில் ஆறு வீட்டில் நாய் உண்டு. எங்கள் நாய் ஜிம்மி, பழுப்பு நிறம், நாட்டு நாய். அப்போது அதற்கு நான்கு வயது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் என்பதால் கரிப்புகை எப்போதும் உண்டு. ஏதாவது ஒரு வீட்டில் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். அதை நாங்கள் பொருட்படுத்துவதில்லை.

அந்தக் காம்பவுண்டுக்கு என்னை எல்லாரும் செக்ரட்டரி என்று சொல்வார்கள். சங்கம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரருக்குக் கடிதம், முனிசிபாலிடிக்கு மனு, எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று பெயர். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நாய்களுக்கு வருஷா வருஷம் முனிசிபாலிடி பித்தளை வில்லை கொடுக்கும். கழுத்துப் பட்டையில் அதைக் கோத்துவிட வேண்டும். வில்லை இல்லாத நாயை முனிசிபாலிடி நாய்வண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். முந்தின வருஷம் வில்லை போடும் சிப்பந்தி வந்தபோது ஒரு நாய் தெருவில், ஒரு நாய் மாடியில் என்று ஒரே குழப்பம். இரண்டு வீட்டுக்கு வில்லை கிடைக்காமல் போயிற்று. இந்த வருஷம் அப்படி நடக்கக்கூடாது என்று நான் ஓர் ஏற்பாடு செய்தேன். காம்பவுண்டின் கடைசியில் முன்பு ஜட்கா வண்டி நிறுத்திய ஒரு கொட்டகை இருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கே ஆறு நாய்களையும் அங்கே கொண்டுவரச் சொன்னேன். வீட்டு எண் வரிசைப்படி, ஒன்றுக்கொன்று ஒரு முழம் இடைவெளியில் கட்டினேன். தூறல் இருந்ததால் கதவைச் சாத்தினேன். சிப்பந்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. அதுவரை நாய்களுக்குத் தாகம் எடுக்குமே என்று ஒரே ஒரு பேசினில் தண்ணீர் வைத்து வரிசையாக நகர்த்திக்கொண்டே போனேன்.

வேலை பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சிப்பந்தியே ஆச்சரியப்பட்டார். "ஏன் சாமி, மிலிட்டரியில இருந்தீங்களா?" என்று கேட்டார். அன்று டைரியில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு ஜிம்மி இருமியது.

அதை இருமல் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. கழுத்தை நீட்டி, முன்கால்களை அகட்டிக்கொண்டு, வாத்து கத்துவதுபோல வறட்டுச் சத்தம். ஐந்தாறு தடவை அப்படிச் செய்துவிட்டுக் கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையாகக் கொஞ்சம் கக்கியது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. கால் மணி கழித்து மறுபடியும் அதே சத்தம்.

"நேத்து கறி எலும்பு போட்டேங்க. தொண்டையில மாட்டியிருக்கும்" என்றாள் மனைவி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜிம்மியின் வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டுத் துழாவினேன். எலும்பு எதுவும் தட்டுப்படவில்லை. அதற்குள் மறுபடி இருமல் வர, பல் என் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் ரத்தம் வந்தது.

குழாயடியில் குடத்தோடு நின்ற அடுத்த வீட்டு அம்மா இதை முழுவதும் பார்த்துவிட்டார். அவர் கோலார் தங்கவயலிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன். மூன்று சின்னக் குழந்தைகள். கூடவே ராணி என்று ஒரு கறுப்பு நாய். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நல்ல சிநேகம். குழம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். ஆனால் அன்று அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சார், கைய எடுங்க. நுரை தள்ளுது பாருங்க. அது வெறி சார்" என்றார்.

"எலும்பும்மா."

"எலும்பு இல்ல சார். எங்க ஊரு லைன்ல ஒரு நாய் இப்பிடித்தான் தொண்டையில இன்னாவோ மாட்னாப்புல பண்ணுச்சு. கைய வுட்டுப் பாத்த ஆளு ஒரு மாசம் தாங்கல."

காயத்தைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினேன். ஷெட்டுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் விரலைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். வேறு பேச்சில்லாமல் தொப்புளுக்குப் பக்கத்தில் முதல் ஊசியைப் போட்டார். தினம் ஒன்றாகப் பதினான்கு போட வேண்டும் என்றார். "நாயைக் கொன்றுவிடாதீர்கள். கட்டிப்போட்டு, யாரும் கிட்டப் போகாமல் பத்து நாள் பாருங்கள். வெறியாக இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பத்து நாளும் தின்றுகொண்டு நடமாடினால் ஊசியை நிறுத்திவிடலாம்" என்றார். ஆக, ஜிம்மி உயிரோடு இருப்பது ஜிம்மிக்கு மட்டுமில்லை, எனக்கும் அவசியமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மாலை நாலரை. வாசலில் நாலு வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். முன்னால் அடுத்த வீட்டு அம்மா.

"சார், தப்பா நெனக்காதீங்க. முனிசிபாலிடி வண்டி வந்து அத இட்டுனு போவணும். புள்ளைங்க இருக்கிற எடம். ஒரு மனு எழுதணும்."

"எழுதிக் கொடுங்களேன்" என்றேன்.

"எங்களுக்கு யாரு சார் எழுதுவா? நீங்கதான் எழுதணும். உங்க எழுத்துன்னாதான் அவுங்க எடுத்துப் பாப்பாங்க."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்கள் காம்பவுண்டில் மனு என்றால் நான்தான். என் நாய்க்கு எதிராக மனு எழுதவும் வேறு ஆள் இல்லை. என் மனைவி உள்ளேயிருந்து, "எழுதாதீங்க, பேனாவ உடைச்சுப் போடுங்க" என்றாள். நான் எழுதினேன். கட்டுப்போட்ட விரலோடு, ஆங்கிலத்தில், தேதியிட்டு, "மேற்படி நாய்" என்று நாலு இடத்தில் குறிப்பிட்டு எழுதினேன். பயந்துபோயிருக்கிறவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பயம் நியாயமானது. என் பயமும் அதுவேதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "நாளை காலை மாட்டாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன். நாளை சாயங்காலம் வரை இந்தக் காகிதம் என்னிடம் இருக்கட்டும்." அடுத்த வீட்டு அம்மா தயங்கினார். பிறகு, "சாயங்காலம் ஆறு மணிவரிக்கும் சார். அதுக்கு மேல நானே எட்துனு போவேன்" என்றார். மனுவை டைரிக்குள் வைத்தேன். டைரியைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் ஜிம்மியின் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டி ஜட்காவில் கொண்டுபோனேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் இருமியது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். முதலில் தொடவில்லை. ஐந்து நிமிஷம் தூர நின்று பார்த்தார். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, கட்டை அவிழ்க்கச் சொன்னார். ஜிம்மி முழுவதையும் நக்கிக் குடித்தது. தாடை தொங்குகிறதா என்று பார்த்தார். கண்ணில் பீளை உண்டா, மூக்கு ஒழுகுகிறதா, வயிற்றுப்போக்கு உண்டா, குரல் மாறியதா, ஆளை மறந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டைக்குக் கீழே மூச்சுக்குழாயை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். உடனே அந்த வாத்துச் சத்தம் வந்தது.

"நோடி ஸ்வாமி, பாருங்கள், இதுதான்" என்றார். "சமீபத்தில் வேறு நாய்களோடு ஒரே இடத்தில் இருந்ததா?"

எனக்கு நினைவில்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. டைரியை எடுத்து, கொஞ்சம் பெருமையாகவே, புதன்கிழமைப் பக்கத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"காலை எட்டு இருபது. ஆறாம் எண் வீட்டு நாய் லேசாக இருமியது. காரணம் புகை."

"அந்த நாய் அதற்கு முன்னால் எங்கே இருந்தது?"

ஆறாம் எண் வீட்டுக்காரர்கள் ஒரு மாத லீவில் அரக்கோணம் போயிருந்தார்கள். அவர்களுடைய வெள்ளைச் சடை நாயைக் கண்டோன்மெண்டில் நாய்களைப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் விட்டிருந்தார்கள். அதுவும் டைரியில் இருந்தது. நாய் திரும்பிவந்தது ஞாயிற்றுக்கிழமை, வில்லை போட்டது அதற்கு மூன்றாம் நாள்.

"இப்போது அந்த நாய் எப்படி இருக்கிறது?"

"இன்று காலைகூட காம்பவுண்டு கேட்டுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துக் குரைத்தது. இருமல் இல்லை."

டாக்டர் டைரியை மூடி என் கையில் கொடுத்தார். "பல நாய்களை ஒன்றாக அடைத்து வைக்கிற இடங்களில் வருகிற இருமல் இது. நாய்க்கு நாய் காற்றிலேயே ஒட்டும். சாத்தின கொட்டகை, ஒரே பேசின், நாலரை மணி நேரம். இதைவிட ஒழுங்காகப் பரப்ப என்னால்கூட முடியாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிது. எழுதாதவர்கள் வந்தால் நான் ஒரு மணி நேரம் கேள்வி கேட்க வேண்டும்" என்று சமாதானம் சொன்னார்.

வாய்க்குள் கை விட்டதற்காகத் தனியாகத் திட்டினார். தொண்டையில் ஏதோ மாட்டியதுபோல ஒரு நாய் செய்தால் முதலில் வெறியை நினைத்துத்தான் தூர நிற்க வேண்டும், கையை விடக்கூடாது என்றார். தமக்குச் சந்தேகம் இல்லாவிட்டாலும் பத்து நாள் கணக்கையும் என் ஊசியையும் விட்டுவிடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். மற்றபடி மருந்தைவிட ஓய்வுதான் முக்கியமாம். கழுத்துப் பட்டை கூடாது, மார்பைச் சுற்றித் துணியால் கட்டு. புகையும் ஈரமும் படாத இடத்தில் வை. வெந்நீரில் கொஞ்சம் தேன், கஞ்சி குழைவாக. இருமல் நின்ற பிறகும் இரண்டு வாரம் மற்ற நாய்களிடம் விடாதே. தனிப் பாத்திரம். ஒரு நாயைத் தொட்டால் கையைக் கழுவாமல் இன்னொன்றைத் தொடாதே. எந்த நாயாவது சாப்பாட்டை நிறுத்தினால், மூச்சு இரைத்தால், மூக்கில் மஞ்சளாக ஒழுகினால், காத்திருக்காமல் அன்றே கொண்டுவா.

திரும்பும் வழியில் ஜட்காவில் எனக்கு இரண்டு உணர்ச்சி. ஜிம்மியும் நானும் பிழைத்தோம் என்ற நிம்மதி ஒன்று. காம்பவுண்டு முழுவதற்கும் நோயை வரிசையாகப் பரிமாறியவன் நான்தான் என்ற வெட்கம் மற்றொன்று. டாக்டர் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிட்டு என் பங்கை மறைத்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். ஆனால் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் யாரும் நம்ப மாட்டார்கள். காட்டினால் எல்லாம் தெரிந்துவிடும்.

ஐந்தரைக்கு எல்லாரையும் குழாயடிக்கு வரச் சொன்னேன். நின்றுகொண்டே படித்தேன். கொட்டகை, சாத்தின கதவு, பேசின், ஆறாம் எண் நாய், புகை என்று நான் எழுதிய காரணம், டாக்டர் சொன்னது. "தப்பு என்னுடையது. உங்கள் நாய்களும் இரண்டொரு நாளில் இருமலாம். மன்னிக்க வேண்டும்" என்று முடித்தேன். ஆறாம் எண் வீட்டுக்காரர், "எங்க நாயா?" என்று தலையைச் சொறிந்தார். ஒரு பெரியவர், "ரயிலுக்குத்தான் டைம் பாப்பீருன்னு நெனச்சேன், நோய்க்கும் டைம் போட்டுக் குடுத்திருக்கீரே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த வீட்டு அம்மா சிரிக்கவில்லை. மனு கேட்டுக் கையையும் நீட்டவில்லை. எல்லாரும் கலையும்வரை குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, காத்தாலருந்து ராணியும் இருமுது. பாத்ரூம்ல போட்டு அடச்சு வச்சிருக்கேன். ஜிம்மிகிட்டருந்து வெறி ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். வெளிய சொன்னா அந்த மனு ராணிக்கும்தானே. நான் கேட்டு எழுத வச்ச மனு. நாள் பூரா அந்தக் கதவாண்டயே குந்தினு இருந்தேன் அக்கா."

பிறகு என்னிடம், "எங்கப்பா மைன்ஸ்ல இருந்தவரு சார். அஞ்சு வருசம் இருமியே போனாரு. எனக்கு இருமல்னாவே கை கால் ஓடாது" என்றார்.

அவர் வீட்டுக்குப் போனோம். பாத்ரூம் கதவைத் திறந்ததும் ராணி வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்து, இருமி, நுரை கக்கி, மறுபடியும் வாலை ஆட்டியது. அந்த அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். காலையிலிருந்து அடக்கி வைத்தது. என் மனைவி ராணிக்கு வெந்நீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள். நான் மனுவை எடுத்துக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீங்க சார்" என்றார் அவர், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க. இருக்கட்டும். இனிமே நான் எதுனா அவசரப்பட்டா எட்துக் காட்டுங்க."

அடுத்த நாட்களை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜிம்மியின் கழுத்துப் பட்டையை வில்லையோடு சுவரில் ஆணியில் மாட்டினேன். மனைவியின் பழைய புடவைக் கரையில் மார்புக்கு ஒரு வார் தைத்தோம். வீட்டுக்கு ஒரு பேசின், ஒவ்வொன்றிலும் எண் போட்டேன். தினமும் காலை நான் ஊசிக்குப் போவேன். வந்ததும் ஜிம்மி கஞ்சி குடித்ததா என்று எட்ட நின்று பார்ப்பேன். வயிறு வீங்கி வலிக்கும். அதன் சாப்பாட்டைப் பார்த்தால் வலி குறையும். அடுத்த வீட்டு அம்மா சுவருக்கு மேலாக, "இன்னிக்கு எத்தினி சார்?" என்று கேட்பார். ஊசியையா இருமலையா என்று நான் கேட்பேன். "ரெண்டும்தான்" என்பார்.

மூன்றாம் எண் வீட்டுக் கிழட்டு நாய்தான் எங்களைப் பயமுறுத்தியது. வெள்ளிக்கிழமை இருமத் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை கஞ்சியைத் தொடவில்லை. விலா ஏறி இறங்கியது, மூக்கில் மஞ்சள். டாக்டர் சொன்ன அடையாளம் அப்படியே. அன்றே தூக்கிக்கொண்டு போனோம். நெஞ்சில் சளி இறங்கியிருப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்தார். ஒரு நாள் தாமதித்திருந்தால் சிரமம் என்றார். அது தேறி எழுந்து மறுபடி ஈயைத் துரத்தும்வரை அந்த வீட்டுக்காரரின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பத்தாம் நாள் புதன்கிழமை. ஜிம்மி கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேசினையும் நக்கிக் கவிழ்த்தது. ஆஸ்பத்திரி டாக்டர் ஜிம்மியைப் பற்றி விவரம் கேட்டார், பத்தாவது ஊசியைப் போட்டார், சீட்டில் ஒரு கோடு இழுத்தார். "மீதி நாலு உங்களுக்கு வேண்டாம்" என்றார். வெளியே வந்து ஒரு ஹோட்டலில் காபி சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான காபியை அதற்குப் பிறகு குடித்ததில்லை. ஜிம்மி கடைசியாக இருமியது அதற்குப் பிறகு ஏழாம் நாள், காலை ஏழு ஐந்துக்கு.

அடுத்த வருஷம் வில்லை போட வந்த சிப்பந்தி கொட்டகையைத் தேடினார். இந்த முறை வீடு வீடாகத்தான் போக வேண்டும் என்றேன். "போன வருசம் எவ்வளவு ஒழுங்கா இருந்தது" என்று வருத்தப்பட்டார். அடுத்த வீட்டு அம்மா குழாயடியிலிருந்து, "அந்த ஒழுங்கு வேணாம் சாமி" என்றார்.

ஜிம்மி பிறகு ஆறு வருஷம் இருந்து, வயதாகித்தான் போயிற்று. அந்த மனு இன்னும் அந்த டைரியில், அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் இப்போதும் தினமும் எழுதுகிறேன். கண்ணில் பட்டதை மணியோடு எழுதுகிறேன். ஆனால் "காரணம்" என்ற சொல் வரும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யாரையாவது ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன்.